பேனரில் மிச்சமான இடம்

பெரியவளே, சின்னவளே, உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பெரியவள் "அப்புறம் பேசறேம்பா" என்று வைத்துவிடுவாள். சின்னவள் நான் ஆரம்பிப்பதற்கு முன்பே சிரித்துவிடுவாள். எழுதிக் கொடுத்தால் வேறு வழியில்லாமல் கடைசி வரை படிப்பீர்கள். நான் பத்தாவது படித்துவிட்டு உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து நரைத்தவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கருத்தில் பிழை இருந்தால் அதை உங்கள் அம்மா ஏற்கெனவே கண்டுபிடித்திருப்பாள்.

விஷயம் என் பேத்தியின் காதுகுத்து. நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். ஆனால் பெரியவள் குழந்தையைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள், சின்னவள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஓரமாக நின்று முழுசாகக் கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான். அந்தக் கவலையைச் சொல்ல வேண்டுமானால் நான் பிறந்ததிலிருந்து சொல்ல வேண்டும்.

என்னைப் பெற்றவள் ஒன்பது பெற்றாள். நின்றது ஆறு. அந்தக் காலத்தில் பிறந்தது எத்தனை, நின்றது எத்தனை என்று இரண்டு கேள்வி கேட்பார்கள். இப்போது இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. இந்தக் கதையில் நல்ல சேதி அதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நான் கடைக்குட்டி. நான் வயிற்றில் இருக்கும்போதே என் பெரிய அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணியும் மாசமாக இருந்தாள். மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் கஷாயம் காய்ச்சிக் குடித்தார்கள். அண்ணி முந்திக்கொண்டாள். அவள் பிள்ளை ஆடியில் பிறந்தான், நான் ஐப்பசி மழையில் பிறந்தேன். அவன்தான் நீங்கள் அண்ணன் என்று கூப்பிடும் ஆள். என்னைவிட மூத்தவன், என்னைச் சித்தப்பா என்பான். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. புதிதாக வந்த வாத்தியார் என்னைக் காட்டி இவன் யாருடா என்று கேட்டதற்கு, "எங்க சித்தப்பா சார்" என்று எழுந்து நின்று சொன்னான். கிண்டல் செய்கிறான் என்று அவனுக்கு அடி விழுந்தது. உண்மையைச் சொல்லி அடி வாங்கியவன்.

அப்போது வீட்டில் பிள்ளைகள் கால் வைக்கும் இடமெல்லாம் இருந்தோம். தாத்தா என்று ஒருவர்தான். எங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை. எல்லோருக்கும் சேர்த்து "டேய்" என்று ஒரு பெயர் வைத்திருந்தார். யார் போனாலும் வந்தாலும் வேலை நடந்தது.

பிறகு நடந்ததைப் படித்தவர்கள் பெரிய வார்த்தைகளில் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த வரையில் நடந்தது இதுதான். ஊசி போட்டார்கள், பிள்ளைகள் சாகவில்லை. பள்ளிக்கூடம் வந்தது, பிள்ளைகள் உப்பளத்துக்கு வரவில்லை. கூலி கொண்டுவந்த பிள்ளை பீஸ் கேட்கும் பிள்ளையானது. பெண்கள் படித்தார்கள், எத்தனை பெறுவது என்பதில் அவர்களுக்கும் ஒரு பேச்சு வந்தது. இதில் எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. ஈசிஆர் ஓரத்தில் ஒரு பழைய சுவர் இருக்கிறதே, அதில் என் சின்ன வயதில் சிவப்பு முக்கோணம் வரைந்து, அளவாகப் பெறுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எழுதியதை நாங்கள் ஒழுங்காகக் கேட்டோம். இப்போது அதே சுவரில் குழந்தை வரம் தரும் ஆஸ்பத்திரி விளம்பரம் இருக்கிறது. சுண்ணாம்பு உரிந்த இடத்தில் முக்கோணத்தின் ஒரு மூலை மட்டும் எட்டிப் பார்க்கிறது.

சின்னவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரர்கள் வந்து, அடுத்தது பையன்தான், ஆபரேஷனுக்கு அவசரப்படாதே என்றார்கள். எனக்கு இரண்டு போதும், இரண்டும் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உங்கள் அம்மா அதற்கு முன்பே நர்சம்மாவிடம் சொல்லிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கொள்ளி போட யார் இருக்கிறார்கள் என்று என் நடு அண்ணன் கேட்டார். "செத்தப்புறம் எனக்கு எப்பிடித் தெரியப்போவுது" என்றேன். வார்டே சிரித்தது. அப்போது என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருந்தது. மடிக்கு யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் பெரியவளின் மாமியார்தான், இத்தனை வருஷம் கழித்து. மொட்டையும் காதுகுத்தும் தங்கள் குலதெய்வக் கோயிலில் என்று நாள் குறித்துவிட்டு, குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும், மாமன் யார் என்று கேட்டார். எனக்கு ஆண் பிள்ளை இல்லை என்பது தெரிந்துதான் பெண் எடுத்தார்கள். தெரிந்தேதான் கேட்டார். நான் யோசித்த நேரத்தில் அவரே முடித்தார்: "ஒங்க பக்கம் ஆளு இல்லன்னா சொல்லிடுங்க. எங்க ஊருல யாரையாச்சும் ஒக்கார வெச்சிக்கிறோம்."

மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். அம்மா வீட்டில் மடி இல்லை என்று ஊரார் மடியில் உட்கார வைத்தால், அதற்குப் பிறகு பெரியவள் அந்த வீட்டில் எதற்கு வாய் திறந்தாலும் இதுதான் பதிலாக வரும். இரண்டு போதும் என்று நான் வார்டில் சொன்னதும் அன்றைக்குப் பொய்யாகிவிடும். அவரும் ஒரே பிள்ளையைப் பெற்றவர்தான், குழந்தைக்கு அத்தை என்று அந்தப் பக்கமும் ஆள் கிடையாது. அதை நான் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுத்தவன் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

"ஆளு இருக்குது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து ஆள் தேடினேன்.

என் அக்காக்கள் பிள்ளைகள் உங்களுக்கு அத்தை பிள்ளைகள், அண்ணன் தம்பி முறைக்கு ஆக மாட்டார்கள். உங்கள் அம்மாவுக்குக் கூடப்பிறந்தது ஒரு தம்பி மட்டும், பெரியம்மா சித்தி பிள்ளைகள் என்றும் யாரும் கிடையாது. ஆகவே என் அண்ணன்களின் பிள்ளைகள்தான். ஒன்பது பிறந்த வீட்டில் அப்படித் தேறியது இரண்டே பேர். நடு அண்ணன் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். போன் போட்டேன். லீவு தர மாட்டார்கள் சித்தப்பா, சரியாக அந்த நேரத்துக்கு வீடியோ காலில் வந்துவிடுகிறேன் என்று பாசமாகச் சொன்னான். உங்கள் அம்மா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"போன்ல மொகம் வரும். மடி வருமா?" என்றாள்.

மிச்சம் இருந்தவன் பெரிய அண்ணன் மகன், ஆடியில் பிறந்த என் ஆடிக்காரன்தான். அவன் நாலு தங்கைகளோடு பிறந்தவன். பங்காளி வீட்டுப் பெண்களும் சேர்ந்தால், இந்தக் கரையோரத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அவன் மடியில்தான் காது குத்தியது. ஆள் குறையக் குறைய அவனுக்கு வேலை கூடியது. இதற்கிடையில் உப்புத் தண்ணீரில் நின்று நின்று முட்டி இரண்டும் போய்விட்டது. தரையில் சம்மணம் போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போய்ச் சொன்னபோது கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏஞ்சித்தப்பா, வேற ஆளே இல்லியா?"

"இல்லப்பா."

"நான் செத்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

அதைத்தான் நானும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன் என்று சொல்லவில்லை. வேனில் முன் சீட்டு தருகிறேன் என்றேன். சரி என்றான்.

மறுநாள் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேனர் கடைக்குப் போனேன். தாய்மாமன் சீர் பேனர் இல்லாமல் இந்தக் காலத்தில் சீர் கொண்டு போனால் வாழைப்பழம் விற்க வந்ததாக நினைப்பார்கள். கடைக்காரர் பழைய ஆள். முன்பெல்லாம் ஒரு பேனரில் தலைகள் கடுகு மாதிரி இருக்கும், யார் தலை விட்டுப்போனாலும் கடைக்கே சண்டைக்கு வருவார்கள் என்றார். இப்போது பேனர் அளவு குறையவில்லை, தலைதான் குறைந்துவிட்டது. இரண்டு மூன்று முகத்தை வைத்து அவ்வளவு அகலத்தை ரொப்ப வேண்டியிருக்கிறது. அதனால் முகங்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. எனக்கு ஒரே மாமன். அவன் முகத்தை எவ்வளவு பெரிதாக்கியும் வலது பக்கம் காலியாக இருந்தது.

"எடம் மிச்சமா இருக்குதுங்க. ஒரு சிங்கம் போட்டுடவா?"

காதுகுத்துக்கு எதற்குச் சிங்கம் என்று கேட்டேன். எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள் என்றார். அப்புறம் போட்டோவை உற்றுப் பார்த்துவிட்டு, மாமனுக்கு வயசு ஜாஸ்தி தெரியுதே, கொஞ்சம் சரி பண்ணிடறேன் என்றார். முடியைக் கறுப்பாக்கினார். கன்னத்துக் கோடுகளை அழித்தார். கண்ணுக்குக் கீழே தொங்கியதை மேலே ஏற்றினார். கம்ப்யூட்டரில் முப்பது வயசு ஆள் ஒருவன் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். எங்கள் வம்சத்தில் இல்லாத ஒரு வாலிபன் கிடைத்த சந்தோஷத்தில் நானும் சரி என்றேன். விசேஷம் முடிந்ததும் உப்புக் குவியலுக்குப் போர்த்திக்கொள்ளலாம், ரெண்டு மழைக்குத் தாங்கும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். எங்கள் அளத்தில் பாதிக் குவியல்கள் கல்யாணப் பேனர் போர்த்திக்கொண்டுதான் நிற்கின்றன.

அன்றைக்கு வேனில் போனோமே, அதில் குழந்தையை விட்டால் இளசு என்று சொல்ல நீங்கள் இரண்டு பேரும் டிரைவரும்தான். திண்டிவனம் ரோட்டில் மூன்று இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். ஒன்று சர்க்கரைக்காரர்களுக்கு, ஒன்று மாத்திரை போடுபவர்களுக்கு, ஒன்று எதற்கென்று இறங்கியவர்களுக்கே மறந்துவிட்டது. வழியில் ஒரு கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், அவர்களும் எங்கள் வயசுதான். எங்கள் அளத்தில் மட்டும்தான் கிழவர்கள் வேலை செய்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களிலும் அப்படித்தான் என்று பார்த்ததில் ஒரு அற்ப ஆறுதல்.

கோயில் வாசலில் பேனரை முதல் நாளே கட்டியிருந்தார்கள். பெரியவளின் மாமியார் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு திருப்தி. வேன் கதவு திறந்து, பழத்தட்டோடு முதலில் ஆடிக்காரன் இறங்கினான். இறங்கினான் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன், அது கொஞ்ச நேரம் நடந்தது. வெள்ளை முடி காற்றில் பறந்தது.

அவர் தட்டை வாங்கிக்கொண்டு கேட்டார்: "பெரியவரே, பேனர்ல கீற மாமன் எந்த வண்டில வர்றாரு?"

"இந்த வண்டிலதான் வந்தேங்கத்த" என்றான் அவன்.

தங்கையின் மாமியார், முறைப்படி அத்தைதான். அவன் தப்பாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு அவனைவிட ஏழெட்டு வயசு குறைவு. அவர் பேனரை ஒரு முறை பார்த்தார், அவனை ஒரு முறை பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். நான் சிங்கத்தைப் பார்த்தேன்.

"மாமனா, கொள்ளுத்தாத்தாவா?" என்று தன் பக்கத்துப் பெண்களிடம் கேட்டார். எங்களுக்குக் கேட்கும்படி கேட்டார். அந்தப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "ஒக்காந்தா எழுந்திருப்பாரா" என்றாள். பெரியவளின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அதில் உட்கார வைக்கலாம் என்று யாரோ இழுத்துக்கொண்டு வந்தார்கள். மாமியார் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்த மாமனைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்ற மாதிரி ஒதுங்கி நின்றார்.

ஆடிக்காரன் நாற்காலியைத் தள்ளிவிட்டான். "மடின்னா தரையிலதான். நாற்காலில ஒக்கார்றதுக்கு நான் இன்னா பஸ்ஸுக்கா காத்திருக்கறேன்?" என்றான். என் தோளை ஒரு கையில் பிடித்தான், உங்கள் அம்மா இன்னொரு கையைப் பிடித்தாள். மணையில் உட்காரும்போது முட்டி இரண்டும் நெட்டி முறிந்த சத்தம் மேளத்தையும் தாண்டிக் கேட்டது. சம்மணம் போட்டான். முகம் வேர்த்துவிட்டது. கையை நீட்டினான். பெரியவள் குழந்தையைக் கொடுத்தாள்.

முடி எடுக்க வந்தவருக்கு எழுபது இருக்கும். காது குத்த வந்த ஆசாரி இரண்டு கண்ணாடி வைத்திருந்தார், தூரத்துக்கு ஒன்று, காதுக்கு ஒன்று. சுற்றிலும் தாத்தாக்கள், பாட்டிகள், பெரியப்பாக்கள், பெரியம்மாக்கள். எனக்கு என் தாத்தாவின் "டேய்" ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒரு கிழவருக்கு ஒரு கூட்டம் பிள்ளைகள். இன்றைக்கு ஒரு குழந்தைக்கு ஒரு கூட்டம் கிழவர்கள். அத்தனை பேரும் அதன் பெயரை ஒரே நேரத்தில் கொஞ்சிக் கூப்பிட்டோம். ஊசி எடுப்பதற்கு முன்பே அது வீறிட்டு அழுததற்குக் காரணம் ஊசி இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவன் மட்டும் குனிந்து அதன் காதில் என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். நாலு தங்கைகள் பெற்ற பிள்ளைகளிடம் பழகிய வாய். ஆசாரி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது குழந்தை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

காதுகுத்து முடிந்தது, எழுந்திருப்பதுதான் முடியவில்லை. நாங்கள் இழுத்தோம். அவன் இரண்டு விரல் அளவு எழுந்து மறுபடி உட்கார்ந்தான். "வுடுங்க சித்தப்பா, இங்கியே இருக்கறேன். சோறு வந்தா எழுந்துக்கற தெம்பு வரும்" என்றான். பந்தி போடும் நேரம். மாமனுக்குத்தான் முதல் இலை. வேறு வழியில்லாமல் இலை அவன் இருந்த இடத்துக்கு வந்தது. சம்பந்தியம்மாவே குனிந்து பரிமாற வேண்டியதாயிற்று. மற்றவர்களெல்லாம் மேசையில் சாப்பிட, அவன் ஒருவன் சாமிக்கு நேராகத் தரையில் ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டான். குனிந்து குனிந்து பரிமாறியதில் அந்த அம்மாவுக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசியில் அவரும் அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முட்டிக்கு இன்னா தைலம் போடறீங்க?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து கொள்ளுத்தாத்தா என்ற பேச்சு வரவில்லை. தைலத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். நடுவில்தான் அவர், அடுத்தது சின்னப் பெண்ணின் குழந்தைக்கும் நீங்கள்தான் உட்கார வேண்டும் என்றார். ஆடிக்காரன் கையைக் கழுவாமல் யோசித்தான்.

"அதுக்குள்ள முட்டிய மாத்திக்கலாம்னு பாக்கறேங்கத்த. ஆபரேஷன் பண்ணா பத்து வருசம் ஓடும்ன்றாங்க."

சின்னவள் வீடியோ எடுத்தபடியே சொன்னாள்: "அவசரப்படாதண்ணா. நான் ஒனக்கு வேல வெக்க மாட்டேன்."

சின்னவளே, நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். ஆரோவில்லில் நீ வேலை பார்க்கும் இடத்தில் வெள்ளைக்காரக் கிழவர்கள் தனித்தனியாக இருந்து சந்தோஷமாகச் சாகிறார்கள் என்று முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அவர்கள் ஊரில் இதெல்லாம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டதாம். அவர்களைப் பார்த்துக்கொள்ள நம் பெண்கள் குயிலாப்பாளையத்திலிருந்து போகிறார்கள். நம்மைப் பார்த்துக்கொள்ள யார் எங்கிருந்து வருவார்கள் என்று நான் கேட்டதற்கு நீ சிரித்தாய்.

அவன் உன்னை நிமிர்ந்து பார்த்தான். "கண்ணாலமே வேணாமா, கண்ணாலம் பண்ணிக்கினு கொழந்த வேணாமா?"

"இப்பத்திக்கு ரெண்டுமே இல்லண்ணா."

"பெரியவளே, நீ?" என்று அந்தப் பக்கம் திரும்பினான்.

ஒன்றே போதும் என்று பெரியவள் தன் மாமியார் முன்னாலேயே சொன்னாள். மாமியார் மோர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினார். ஒரே பிள்ளையோடு நிறுத்தியவர், என்ன சொல்ல முடியும்? ஆடிக்காரன் மொட்டைத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைப் பார்த்தான். இதற்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, அண்ணன் முறைக்கு ஒரு ஆளும் இல்லை என்பது அவன் தலைக்குள் ஓடியது எனக்குத் தெரிந்தது. மோரை ஒரு வாய் குடித்தான்.

"அப்ப முட்டிய மாத்தற செலவு மிச்சம்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன்தான் முதலில் சிரித்தான். ஆனால் வரும்போது முன் சீட்டில் அவன் முட்டியைத் தடவிக்கொண்டே வந்தான். அவனுக்கு உட்காரக் கஷ்டம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் யாரும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்பதுதான் அவனுக்குக் கஷ்டம் என்று வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது புரிந்தது. "சின்னது சும்மா சொல்லுது, இல்ல சித்தப்பா?" என்று கேட்டான். தெரியாது என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

பிள்ளைகளே, இதை எழுதுவது உங்களைப் பெறச் சொல்வதற்காக இல்லை. என்னிடம் பெறச் சொன்னவர்களுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதே பதில் உங்களுக்கும் உண்டு. இரண்டு போதும் என்றதில் எனக்கு இன்றைக்கும் மாற்றம் இல்லை. குறைவாகப் பெற்றதால்தான் உங்களுக்கு இதைப் படிக்கத் தெரிகிறது. நாங்கள் எண்ணியபோது சோறு, துணி, பீஸ் எல்லாவற்றையும் எண்ணினோம். மடியை எண்ணவில்லை, அவ்வளவுதான். அது எப்போதும் யாரிடமாவது இருக்கும் என்று நினைத்துவிட்டோம்.

நீங்கள் அன்று சாயங்காலமே அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட்டீர்கள். மேற்கே மேகம் கட்டியது. வேனில் சுருட்டிக் கிடந்த பேனரை எடுத்துக்கொண்டு நான் தனியாக அளத்துக்குப் போனேன். ஒரு குவியல் மூடாமல் கிடந்தது. விரித்துப் பார்த்தேன். படத்தை வெளியே போட்டால் வெயில் தின்னும், உள்ளே போட்டால் உப்பு தின்னும். பேனர் குவியலைவிட அகலம். அதனால் ஆடிக்காரனின் முகம் இருந்த பக்கத்தை மட்டும் உள்ளே இரண்டு மடிப்பாக மடித்து, வெயிலும் உப்பும் படாமல் வைத்து, ஓரங்களில் களிமண் கட்டிகளை ஏற்றினேன். மேலே சிங்கம் இருந்தது.